வளரும் பிள்ளைக்கு அளந்து தைத்தல்: வருடப்பிறப்புப் பாவாடை, களிசான், கைவிசேஷப் பை

பேரப்பிள்ளைகளுக்கு வருடப்பிறப்பு உடுப்பைத் தங்கள் கையால் தைக்க விரும்பும் அம்மம்மாமாரும் அப்பம்மாமாரும் பங்குனி பிறந்தவுடனேயே துணியை வெளியில் எடுத்துவிட வேண்டும். சித்திரைக்கு இரண்டு கிழமை இருக்கும்போது தொடங்கினால், பலகார வேலை ஒருபுறமும் வீடு கழுவும் வேலை மறுபுறமுமாக நாட்கள் போய், கத்தரித்த துணி கூடைக்குள்ளேயே கிடந்துவிடும். ஒரு பாவாடை, ஒரு களிசான், இரண்டு சிறு பைகள் ஆகியவற்றை நாளுக்கு ஒரு மணித்தியாலம் இருந்து தைத்தால், பழக்கம் குறைந்தவர்களும் மூன்று கிழமைக்குள் முடித்துவிடலாம். பாடசாலை விடுமுறை விட்டுப் பிள்ளைகள் வீட்டுக்கு வரும்போது உடுப்புகள் முடிந்திருக்க, பையை மட்டும் அவர்களோடு சேர்ந்திருந்து தைப்பது நல்ல ஏற்பாடு.

நான் ஆரையம்பதியில் இருக்கிறேன். 2004ஆம் ஆண்டுக் கடல்கோளுக்குப் பிறகு கிடைத்த கால் மெஷின் ஒன்றில்தான் இன்றும் தைக்கிறேன். எனக்கு ஐந்து பேரப்பிள்ளைகள். மூவர் மட்டக்களப்பிலும் இருவர் கனடாவிலும் வளர்கிறார்கள். இவர்களுக்குத் தைத்துத் தைத்து நான் உறுதியாகப் பிடித்துக்கொண்ட விதி ஒன்று உண்டு. பிள்ளையின் உடுப்பை இன்றைய அளவுக்குத் தைத்து முடித்துவிடக் கூடாது. அவிழ்த்து விடவும், நீட்டவும், மாற்றவும் கூடியதாகத் தைக்க வேண்டும். கீழே சொல்லப்படும் ஒவ்வொரு அளவும் ஒவ்வொரு மடிப்பும் அந்த விதியிலிருந்தே வருகின்றன.

துணியும் அதன் நிறமும்

வீட்டில் உள்ள பழைய நூல்சேலையை விடப் பிள்ளையின் உடம்புக்கு இதமான துணி கடையில் கிடைக்காது. பல வருடம் உடுத்துத் துவைத்த பருத்தி, சுருங்க வேண்டிய அளவுக்குச் சுருங்கி, போக வேண்டிய சாயம் போய், மெத்தென்று ஆகியிருக்கும். ஆனால் சேலை முழுவதும் ஒரே உறுதியோடு இருப்பதில்லை. கொசுவம் செருகும் இடமும், குதிக்காலில் உரசும் கீழ்க்கரையும் முதலில் நைந்து போகும். சேலையை யன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பிடித்து, வெளிச்சம் கூடுதலாக ஊடுருவும் இடங்களில் சோக்கட்டியால் வட்டமிட்டு, அந்த இடங்களைத் தவிர்த்துக் கத்தரியுங்கள்.

புதுத் துணி வேண்டுமென்றால், கல்முனைக்குச் சற்று வடக்கே மருதமுனையில் நெய்யப்படும் கைத்தறிச் சாரங்கள் களிசானுக்கும் சிறுவர் சட்டைக்கும் மிகவும் பொருத்தமானவை. மூட்டாத சாரமாகக் கேட்டு வாங்குங்கள். மூட்டிய சாரத்தில் மூட்டுத் தையலை அவிழ்க்கும் வேலை கூடும். வெள்ளைப் பொப்ளின், சீத்தை, லேஸ், இலாஸ்டிக் போன்றவற்றுக்குக் காத்தான்குடி புடவைக்கடைகள் எனக்குப் போதுமானவையாக இருக்கின்றன.

புதிய பருத்தியைக் கத்தரிப்பதற்கு முன் கட்டாயமாகத் துவைக்க வேண்டும். முதல் துவைப்பிலேயே பருத்தி சுருங்கிவிடும். தைத்த பிறகு சுருங்கினால் பாவாடையின் நீளத்தில் இரண்டு மூன்று சென்டிமீற்றர் காணாமற் போகும். துணியை ஒரு இரவு நீரில் ஊறவைத்து, சவர்க்காரம் போட்டு அலசி, முறுக்காமல் நிழலில் காயவிட்டு, சற்று ஈரம் இருக்கும்போதே அயன் பண்ணி வையுங்கள். அடர்நிறத் துணியானால் சாயச் சோதனையும் செய்ய வேண்டும். நனைத்த வெள்ளைத் துண்டொன்றால் அதன் ஒரு மூலையை இருபது முறை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். வெள்ளைத் துண்டில் நிறம் ஏறினால் அந்தத் துணியை வெள்ளையோடு சேர்த்துத் தைக்கவே கூடாது. ஒரு வருடம் இந்தச் சோதனையைச் செய்யாமல் விட்டேன். புதிதாக வாங்கிய சிவப்புத் துணியில் வெட்டிய கரையை வெள்ளைப் பாவாடையில் வைத்துத் தைத்தேன். முதல் துவைப்பில் பாவாடை முழுவதும் திட்டுத் திட்டாக இளஞ்சிவப்பாகிவிட்டது. மூத்த பேத்தி அதை உடுத்தியது ஒரே ஒரு நாள்தான். அந்தப் பாவாடையை இன்னும் நான் எறியவில்லை; சாயச் சோதனை செய்யும் வெள்ளைத் துண்டுகளை அதன் உட்பகுதியிலிருந்துதான் வெட்டிக்கொள்கிறேன்.

வருடப்பிறப்பு உடுப்பில் நிறத்துக்குத் தனிப் பிரச்சினை ஒன்று உண்டு. அந்த வருடத்தில் எந்த நிற ஆடை அணிய வேண்டும் என்பதைப் பஞ்சாங்கமே சொல்கிறது. வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணித பஞ்சாங்கமும் சில வருடங்களில் வெவ்வேறு நிறங்களைச் சொல்வதும் உண்டு. பஞ்சாங்கத்தைப் பார்த்த பிறகு துணி தேடினால் தைக்க நாள் இருக்காது. ஆனால் பெரும்பாலும் அதில் குறிப்பிட்ட நிறப் பட்டாடை, அல்லது அந்த நிறக் கரை அமைந்த வெள்ளை ஆடை என்றே எழுதியிருப்பார்கள். அந்த இரண்டாவது பாதிதான் நமக்குக் கைகொடுப்பது. உடுப்பை வெள்ளையில் தைத்து முடித்துவிட்டு, கரையை மட்டும் கடைசியில் கையால் ஓட்டிவிடலாம். அடுத்த வருடம் நிறம் மாறும்போது அந்தக் கரையை அவிழ்த்து வேறொன்று வைக்கலாம். இதற்கென்றே பழைய சேலைகளின் கரைகளை 6 செ.மீ. அகலத்தில் நீளமாக வெட்டி, சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை எனச் சுருட்டி ஒரு பிஸ்கட் தகரத்தில் சேர்த்து வைத்திருக்கிறேன்.

வெள்ளை என்றவுடன், வருடப்பிறப்பன்று தலையில் வைத்து முழுகும் மருத்துநீரை நினைத்துப் பயப்படுகிறவர்கள் உண்டு. தலை முழுகிய பின்னும் பிள்ளையின் முடியிலிருந்து சொட்டும் நீரில் மஞ்சள் இருக்கலாம். அது தோள்பட்டையில் கறையாகும். அந்தக் கறையில் சவர்க்காரம் பட்டவுடன் அது செம்மையாக மாறுவதைப் பார்த்துத் துணி கெட்டுவிட்டது என்று எண்ண வேண்டாம். மஞ்சளின் நிறம் காரம் பட்டால் அப்படி மாறும். நன்றாக அலசி நேரடி வெயிலில் காயவிடுங்கள். மஞ்சளின் நிறம் வெயிலில் மங்கிப் போய்விடும். சித்திரை வெயிலுக்கு இரண்டு பகல் போதும்.

அளவெடுத்தல்

வயதைக் கேட்டு உடுப்புத் தைக்கக் கூடாது. ஆறு வயதுப் பிள்ளைகள் மூவரை வரிசையில் நிறுத்தினால் மூவருக்கும் மூன்று அளவு இருக்கும். பிள்ளையை நேரே நிறுத்தி இடுப்புச் சுற்றளவு, பின்புறம் அகன்றிருக்கும் இடத்தின் சுற்றளவு (தையற்காரர் ‘சீட்’ என்று சொல்வது), இடுப்பிலிருந்து கணுக்கால் வரை நீளம், இடுப்பிலிருந்து முழங்கால் வரை நீளம் ஆகிய நான்கையும் எடுங்கள். களிசானுக்கு இன்னொரு அளவும் வேண்டும். பிள்ளையை ஒரு தட்டையான கதிரையில் நிமிர்ந்து இருக்க வைத்து, பக்கவாட்டில் இடுப்பிலிருந்து கதிரையின் பலகை வரை அளந்துகொள்ளுங்கள். அளக்கும்போது நாடாவுக்கும் உடம்புக்கும் இடையில் உங்கள் இரண்டு விரல்கள் போக வேண்டும்.

பிள்ளை தூரத்தில் இருந்தால் வேலை சற்று நுணுக்கமானது. கனடாவில் இருக்கும் என் மகளின் வீட்டில் அளவுநாடா இல்லை. அதனால் ஒரு நூலைப் பிள்ளையின் இடுப்பில் சுற்றி, சந்திக்கும் இடத்தில் பேனையால் குறித்து, அந்த நூலை அடிமட்டத்தின் மேல் நீட்டி வைத்துப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். இதைவிடவும் நம்பத்தக்க வழி, பிள்ளைக்கு இப்போது சரியாக இருக்கும் பாவாடை அல்லது களிசான் ஒன்றைக் கட்டிலில் தட்டையாக விரித்து, அதன் பக்கத்தில் அடிமட்டத்தை வைத்துப் படமெடுக்கச் சொல்வது. அவர்கள் சென்டிமீற்றரில் சொல்கிறார்களா, அங்குலத்தில் சொல்கிறார்களா என்பதை மறக்காமல் கேளுங்கள். சித்திரை மாதத்தில் அங்கே இன்னும் குளிர் விட்டிருக்காது. உள்ளே தடித்த காலுறைக் களிசான் போட்டுத்தான் பாவாடை உடுத்துவார்கள் என்பதால், இடுப்பிலும் சீட்டிலும் 4 செ.மீ. கூட்டிக்கொள்ள வேண்டும்.

வெள்ளைப் பாவாடை

உதாரணத்துக்கு இடுப்பு 54 செ.மீ., சீட் 60 செ.மீ., கணுக்கால் வரை நீளம் 62 செ.மீ. உள்ள ஒரு பேத்தியை எடுத்துக்கொள்வோம். பாவாடையின் சுற்று, சீட் அளவின் ஒன்றரை மடங்குக்குக் குறையாமலும் இரண்டு மடங்குக்கு மேற்படாமலும் இருந்தால் சுருக்கம் அழகாக விழும். 115 செ.மீ. அகலமுள்ள வெள்ளைத் துணியின் முழு அகலத்தையும் அப்படியே சுற்றாக எடுத்துக்கொள்ளலாம். பின்பக்கம் ஒரே ஒரு மூட்டுத்தான் வரும். நீளத்துக்கு 62 செ.மீ., மேலே இலாஸ்டிக் போகும் மடிப்புக்கு 4 செ.மீ., கீழ் ஓரத்துக்கு 4 செ.மீ., இரண்டு வளர்மடிப்புகளுக்கு 10 செ.மீ. என மொத்தம் 80 செ.மீ. வெட்ட வேண்டும். துவைக்கும்போது சுருங்குவதையும் நினைத்து 1 மீற்றர் வாங்குவது பாதுகாப்பு.

வளர்மடிப்பு என்று எங்கள் வீட்டில் சொல்வது, பாவாடையின் கீழ்ப்பகுதியில் சுற்றிவர மடித்துத் தைத்து வைக்கும் அலங்கார மடிப்பு. பார்ப்பவர்களுக்கு அது வேலைப்பாடு. தைத்தவருக்கு அது சேமிப்பு. 2½ செ.மீ. ஆழமுள்ள ஒரு மடிப்பு 5 செ.மீ. துணியை உள்ளே வைத்திருக்கும். மூன்று வயதுக்கும் பத்து வயதுக்கும் இடையில் பிள்ளைகள் பொதுவாக வருடத்துக்கு 5 முதல் 7 செ.மீ. வரை வளர்கிறார்கள், அதில் பாதிக்குச் சற்று மேல் காலிலே சேரும். ஆகவே ஒரு மடிப்பை அவிழ்த்தால் ஒரு வருடம் தாராளமாகப் போகும். இரண்டும் சேர்ந்து இந்தப் பாவாடையை மூன்று வருடப்பிறப்புகளுக்குக் கொண்டுபோகும்.

தொடங்குவதற்கு முன் மெஷினுக்கு எண்ணெய் விட்டு, பழைய துணியொன்றில் இரண்டு நிமிடம் வெறுமனே ஓட்டி, கறுத்த எண்ணெய் முழுவதும் அதில் இறங்கிய பிறகே வெள்ளைத் துணியை வையுங்கள். மெல்லிய பருத்திக்கு 11ஆம் எண் ஊசியும், சாரத் துணிக்கு 14ஆம் எண் ஊசியும் பொருந்தும். தையல் நீளம் 2½ மில்லிமீற்றரில் இருக்கட்டும்.

முதலில் பின்மூட்டு. பிள்ளையின் தோலில் உரசாமலும் நூல் பிரியாமலும் இருக்க, இந்த மூட்டை இரண்டு தடவை தைப்பது நல்லது. துணியின் உட்புறங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி வைத்து ஓரத்திலிருந்து 5 மில்லிமீற்றரில் ஒரு தையல் போடுங்கள். தையலுக்கு வெளியே நிற்கும் பிசிறை ஒட்ட வெட்டி, துணியைப் புரட்டி, இப்போது வெளிப்புறங்கள் ஒன்றையொன்று பார்க்க வைத்து 1 செ.மீ. உள்ளே இரண்டாவது தையலைப் போடுங்கள். பிசிறு முழுவதும் உள்ளே அடைபட்டுவிடும்.

அடுத்துக் கீழ் ஓரம்: 1 செ.மீ. மடித்து, மீண்டும் 3 செ.மீ. மடித்து, கையால் தையுங்கள். அதன் பிறகே வளர்மடிப்பு. இந்த ஒழுங்கு முக்கியமானது. துணி தட்டையாக இருக்கும்போது மடிப்பைத் தைப்பது இலகு என்று பலர் அதை முதலில் தைத்துவிட்டுப் பிறகு மூட்டுப் போடுகிறார்கள். அப்படிச் செய்தால் மடிப்பின் இரு முனைகளும் மூட்டுக்குள் அகப்பட்டுவிடும். அடுத்த வருடம் மடிப்பை அவிழ்ப்பதற்கு மூட்டையே பிரிக்க வேண்டி வரும். மூட்டுத் தைத்து, பாவாடை வட்டமாக ஆன பிறகு, கீழ் ஓரத்திலிருந்து 14 செ.மீ. உயரத்தில் சுற்றிவரக் கோடிட்டு, அந்தக் கோட்டில் துணியை மடித்து அயன் பண்ணி, மடிப்பு நுனியிலிருந்து 2½ செ.மீ. உள்ளே தையுங்கள். இரண்டாவது மடிப்புக்கு, முதல் மடிப்பின் தையலிலிருந்து 6½ செ.மீ. மேலே கோடிடுங்கள். அதுவும் 2½ செ.மீ. ஆழமாகக் கீழ்நோக்கி விழும்போது இரண்டுக்கும் இடையில் 1½ செ.மீ. வெள்ளை தெரியும். இந்தத் தையல்களின் நீளத்தை 4 மில்லிமீற்றருக்கு மாற்றிக்கொண்டால், பின்னர் நூலை இழுத்தெடுக்கத் துணி காயப்படாது. அவிழ்த்த பிறகு பழைய மடிப்பின் கோடு மங்கலாகத் தெரிந்தால், அதன் மேல் ஒரு லேஸ் ஓட்டிவிடலாம்.

இடுப்புக்கு மேல் ஓரத்தை 1 செ.மீ., பின்னர் 3 செ.மீ. மடித்து, 5 செ.மீ. இடைவெளி விட்டுச் சுற்றிவரத் தையுங்கள். 2½ செ.மீ. அகல இலாஸ்டிக்கை இடுப்பளவிலிருந்து 3 செ.மீ. குறைத்து, ஒன்றின் மேல் ஒன்று ஏற்றித் தைக்க 2 செ.மீ. கூட்டி, அதாவது இந்தப் பேத்திக்கு 53 செ.மீ. எடுக்க வேண்டும். நான் இதற்கு மேல் இன்னும் 6 செ.மீ. விட்டு வெட்டி, அந்த மிச்சத்தை உள்ளே தட்டையாக மடித்துக் கையால் நாலு தையல் போட்டு வைக்கிறேன். இலாஸ்டிக் முறுகாமல் இருக்க அதன் இரு முனைகளிலும் பின் குத்தி, ஒன்றை இடைவெளி ஓரத்தில் நிறுத்தி, மற்றதை உள்ளே செலுத்தி வெளியே எடுங்கள். இடைவெளியை மெஷினில் மூட வேண்டாம்; கைத்தையல் போதும். அடுத்த வருடம் தாய் அதை இரண்டு நிமிடத்தில் திறந்து மிச்சத்தை விட்டுக்கொள்ளலாம்.

கரையைப் பஞ்சாங்கம் பார்த்த பிறகு, கீழ் ஓரத்தோடு ஒட்ட வைத்து, மேலும் கீழும் மெல்லிய கைத்தையலில் ஓட்டுங்கள். சோம்பலில் இதை மெஷினில் தைத்துவிட வேண்டாம்.

வெள்ளையில் அன்றிச் சேலையிலேயே பாவாடை தைப்பதானால், சேலைக் கரை கீழே வரும்படி குறுக்காகத் திருப்பி வெட்டினால் கீழ் ஓரம் மடிக்கும் வேலையே இல்லை. நைந்து போகாத ஐந்தரை மீற்றர்ச் சேலையொன்றில் ஒரே மாதிரி நான்கு பாவாடை வரும். மச்சாள்மார் நால்வரும் ஒரே உடுப்பில் நிற்கும் படம் எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது.

சாரத்தில் களிசான்

பேரனுக்குச் சரியாக இருக்கும் பழைய களிசானை இரண்டாக மடித்து, இடுப்பு இலாஸ்டிக்கை நன்றாக இழுத்துப் பிடித்தபடி, பத்திரிகைக் கடுதாசியில் வைத்து வரைந்துகொள்வதே எளிய வழி. சுற்றிவரத் தையலுக்கு 1½ செ.மீ., மேலே 4 செ.மீ., கீழே 6 செ.மீ. விட்டு வெட்டுங்கள். கீழே விடும் அளவு பழக்கமான அளவை விட இரு மடங்கு. அதுவும் வளர்வதற்கான மிச்சமே.

புதிதாகத் தைப்பவர்கள் முன்துண்டையும் பின்துண்டையும் ஒரே வடிவத்தில் வெட்டிவிடுவார்கள். அந்தக் களிசான் நிற்கும்போது சரியாக இருக்கும். பிள்ளை குந்தியவுடன் பின்பக்கம் கீழே இறங்கிவிடும். பின்துண்டின் வளைவு முன்துண்டை விட ஆழமாகவும், அதன் மேல் ஓரம் 2 செ.மீ. உயரமாகவும் இருக்க வேண்டும். கதிரையில் இருத்தி எடுத்த அளவோடு 2 செ.மீ. கூட்டி, கடுதாசியில் இடுப்பிலிருந்து வளைவின் அடிவரை உள்ள உயரம் அதற்குச் சரியாக வருகிறதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

முதலில் ஒவ்வொரு காலின் பக்க மூட்டையும் உள் மூட்டையும் தனித்தனியே தைத்து முடியுங்கள். பிறகு ஒரு காலை வெளிப்புறம் தெரியப் புரட்டி, மற்றக் காலுக்குள் நுழைத்து, இரண்டு வளைவுகளையும் பொருத்தி, முன் இடுப்பிலிருந்து பின் இடுப்பு வரை ஒரே ஓட்டமாகத் தையுங்கள். அதே தையலின் மேல் இன்னொரு தடவை ஓட்டுங்கள். மரம் ஏறும் பிள்ளைக்கு முதலில் பிரிவது இந்த இடந்தான். சாரத்தின் கட்டங்கள் இரு பக்க மூட்டுகளிலும் பொருந்தி வருவது தைத்தவரின் பொறுமையைக் காட்டும். ஆனால் அதற்காகத் துணியை வீணாக்குவதை விட, முன்புற நடுமூட்டில் மட்டும் பொருத்தினால் போதும் என்பது என் கருத்து.

கைவிசேஷப் பை

வருடப்பிறப்பில் பெரியவர்கள் கைவிசேஷமாக வெற்றிலையில் வைத்துக் கொடுக்கும் காசைப் பிள்ளைகள் அன்று மாலைக்குள் எங்காவது வைத்துவிட்டுத் தேடுவார்கள். அதற்காகத்தான் இந்தப் பையைத் தைக்கத் தொடங்கினேன். இப்போது புது உடுப்பை விடப் பையைத்தான் முதலில் கேட்கிறார்கள். இதைத் தனியாக இருந்து தைக்காமல் விடுமுறைக்கு வைத்திருங்கள்.

15 செ.மீ. அகலமும் 22 செ.மீ. உயரமும் உள்ள இரண்டு துண்டுகளை வெட்டுங்கள். சேலையில் பாவாடை வெட்டியபின் மிஞ்சும் துண்டு இதற்குத் தாராளம். பிள்ளையின் பெயரின் முதல் எழுத்தை ஒரு துண்டின் வெளிப்புறத்தில் பென்சிலால் எழுதி, அதன் மேல் சங்கிலித் தையல் போடுவதானால் இப்போதே போட்டுவிட வேண்டும். பை மூடிய பிறகு கை உள்ளே போகாது. வெளிப்புறங்கள் ஒன்றையொன்று பார்க்க வைத்து, ஓரத்திலிருந்து 1 செ.மீ. உள்ளே, இரு பக்கமும் அடியும் தையுங்கள். பக்கத் தையல்கள் இரண்டும் மேல் விளிம்புக்கு 7 செ.மீ. கீழேயே நின்றுவிட வேண்டும். தைக்காமல் விட்ட அந்த ஓரங்களை உட்பக்கமாக மடித்து ஓட்டிவிட்டு, ஒவ்வொரு துண்டின் மேல் விளிம்பையும் 1 செ.மீ., பின்னர் 3 செ.மீ. மடியுங்கள். மடிப்பின் கீழ் ஓரத்தில் ஒரு தையலும், அதற்கு 1½ செ.மீ. மேலே இன்னொரு தையலும் போட்டால், நடுவில் நாடா போகும் வழி உண்டாகும். 50 செ.மீ. நீளமுள்ள இரண்டு நாடாக்களில் ஒன்றை வலப்பக்கத்தால் நுழைத்து இரு பக்க வழிகளையும் சுற்றி வலப்பக்கமே எடுத்து முடியுங்கள். மற்றதை இடப்பக்கத்தால் நுழைத்து இடப்பக்கமே எடுங்கள். இரண்டையும் இழுத்தால் பையின் வாய் சுருங்கிக்கொள்ளும். கழுத்தில் மாட்டும் அளவுக்கு நாடாவை நீளமாக்க வேண்டாம். சிறு பிள்ளைக்குக் கழுத்து நாடா ஆபத்தானது. அதே காரணத்துக்காகச் சட்டையின் கழுத்திலும் இழுத்துக் கட்டும் நாடா வைப்பதில்லை.

ஐந்து வயதுப் பிள்ளைக்கு நாடா கோர்க்கும் வேலையைக் கொடுங்கள். ஏழெட்டு வயதானால் தெறி தைக்கக் கற்றுக்கொடுக்கலாம். போன விடுமுறையில் பேத்தியொருத்தி என் பக்கத்தில் பாயில் இருந்து, தன் பையில் முதல் தெறியைத் தைத்தாள். நூலை விரல் நுனியிலிருந்து முழங்கை வரை அளந்து வெட்டச் சொன்னேன்; அதைவிட நீண்டால் சிக்கிக்கொள்ளும். நூல் நுனியைச் சுட்டுவிரலில் ஒரு சுற்றுச் சுற்றி, பெருவிரலால் உருட்டி, கீழே இழுத்து முடிச்சுப் போடுவதற்கு மட்டும் அவளுக்குக் கால் மணித்தியாலம் எடுத்தது. நான் கையை நீட்டவில்லை. பிறகு தெறியின் மேல் ஒரு தீக்குச்சியை வைத்து, அதற்கு மேலால் நூலை நாலு தடவை ஏற்றி இறக்கி, குச்சியை உருவி எடுத்து, தெறியை மேலே தூக்கி, அதற்கும் துணிக்கும் இடையில் நிற்கும் நூலைச் சுற்றிக் கட்டினாள். இப்படிக் கழுத்து வைத்துத் தைத்தால்தான் தெறி துளைக்குள் இலகுவாகப் போகும். வேலை முடிந்து துணியைத் தடவிப் பார்த்துவிட்டு, “அம்மம்மா, இது உங்கட சேலைதானே?” என்று கேட்டாள். “ஓம் மனே, உன்ட அம்மாவ ஏணையில போட்ட சேலை” என்றேன். அன்றிரவு அந்தப் பையைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு தூங்கினாள்.

மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளையின் பையிலோ உடுப்பிலோ தெறி, மணி, குஞ்சம் எதுவும் வைக்க வேண்டாம். வாயில் போட்டால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

மழை விடுமுறையும் நத்தாரும்

மார்கழி விடுமுறை எங்கள் பக்கத்தில் மழைக்காலம். மெஷினின் பட்டி ஈரத்தில் தளரும். வாவிக்காற்றும் கடற்காற்றும் சேர்ந்து ஊசியில் துருவேற்றும். துருப்பிடித்த ஊசி வெள்ளைத் துணியில் விடும் புள்ளி போகாது. ஆகவே ஒரு சிறு துணியில் மெஷின் எண்ணெய் இரண்டு துளி விட்டு, ஊசிகளை அதில் குத்திச் சுருட்டி, மூடியுள்ள தகரத்தில் வையுங்கள். எடுக்கும்போது துடைத்துவிட்டுத் தையுங்கள்.

என் மருமகள் கத்தோலிக்கர் என்பதால் நத்தாருக்கும் எங்கள் வீட்டில் தையல் உண்டு. பாலன் குடிலுக்குப் பழைய வெள்ளைத் துவாயில் சிறு ஆட்டுக்குட்டிகளைப் பிள்ளைகளே வெட்டிக் கையால் தைக்கிறார்கள். உள்ளே அடைக்க இலவம்பஞ்சு வேண்டாம். அது மூக்கில் ஏறித் தும்மல் வரும். நனைந்தால் காயாமல் கட்டிபட்டுவிடும். கத்தரிக்கும்போது மிஞ்சும் பருத்தித் துண்டுகளை விரல் நகமளவு பொடியாக வெட்டி அடைத்தால், துவைக்கவும் முடியும். எனினும் ஒரு வயது நிரம்பாத குழந்தை தூங்கும் இடத்தில் எந்தப் பொம்மையையும் வைக்கக் கூடாது.

மிஞ்சிய துண்டுகளில் பெரியவற்றை 12 செ.மீ. சதுரங்களாக வெட்டிச் சேர்த்து வாருங்கள். 1 செ.மீ. உள்ளே தைத்து இணைத்தால் ஒவ்வொன்றும் 10 செ.மீ. ஆகும், குறுக்கே எட்டும் நெடுக்கே பத்துமாக 80 சதுரங்கள் சேர்ந்தால் பிள்ளைக்கு ஒரு போர்வை. அடியில் நூல்சேலை ஒன்றை இரண்டாக மடித்து வைத்து, நூலோட்டமாகத் தைத்துவிடலாம். இதற்கு அவசரம் தேவையில்லை. எனக்கு ஒரு போர்வைக்கு இரண்டு மழைக்காலம் எடுத்தது.

உடுப்புகளைக் கொடுக்கும்போதும் தூரத்துக்கு அனுப்பும்போதும், அதே துணியில் உள்ளங்கையளவு துண்டொன்றையும், தைத்த நூலில் இரண்டு மீற்றரையும் சுற்றிக் கைவிசேஷப் பைக்குள் வைத்துவிடுங்கள். அந்தத் துண்டையும் உடுப்போடு சேர்த்துத் துவைக்கும்படி தாயிடம் சொல்லுங்கள். அப்போதுதான் முழங்காலில் கிழிந்து ஒட்டுப்போடும் நாளில் இரண்டின் நிறமும் ஒன்றாக மங்கியிருக்கும்.